ஆறு சென்ட் சமதரை

மலை என்றால் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. என் கதைகளில் யாருக்காவது மனம் உடைந்து போனால், அவரை மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏற்றி நீலகிரிக்கு அனுப்பி விடுவது என் வழக்கம். அங்கே மூடுபனி அவருக்காகக் காத்திருக்கும். தேயிலைச் சரிவும், சில்வர் ஓக் மரங்களும், கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ ஓடும் ஓடையின் சத்தமும் இருக்கும். இரண்டு அத்தியாயங்களுக்குள் ஆசாமி தேறிவிடுவார். இப்படி மலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேனே தவிர, மலை எப்படி நிற்கிறது, எப்போது நிற்க மாட்டேன் என்கிறது என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை.

விசாரிக்க நேர்ந்தது என் தங்கையால்.

மாப்பிள்ளை பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், குன்னூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் மனை பார்த்தார்கள். ஆறு சென்ட். "அண்ணா, நீ வந்து பார்த்து நல்லது என்று சொன்னால்தான் முன்பணம் கொடுப்போம்" என்று தங்கை டெலிபோனில் சொன்னாள். மலை விஷயத்தில் நான் நிபுணன் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. என் கதைகளைப் படித்ததன் விளைவு!

போனேன், பார்த்தேன், மயங்கினேன். பின்னால் தேயிலைச் சரிவு பச்சைத் திரை கட்டியது போல் எழும்பி நின்றது. பக்கத்தில் ஒரு ஓடை. முன்னால் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடந்தது. இதையெல்லாம்விட மாப்பிள்ளைக்குப் பிடித்திருந்தது வேறொன்று. "மச்சான், இந்த மலையிலே இவ்வளவு சமதரை எங்கே கிடைக்கும்? மண் வெட்டுகிற செலவே இல்லை!" என்றார். நானும் தலையை ஆட்டி, "இதைவிட நல்ல இடம் கிடைக்காது" என்று சொல்லிவிட்டேன். அன்று மாலையே முன்பணம் கைமாறியது.

அடுத்த மாதம் தங்கையின் மகன் லீவில் வந்தான். நிலப்படங்களைக் கம்ப்யூட்டரில் தயாரிப்பது அவன் தொழில். இரவுச் சாப்பாடு ஆனதும் மனை இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் கேட்டுத் தெரிந்து கொண்டு, கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக் கொண்டான். சிறிது நேரத்தில், "மாமா, இங்கே கொஞ்சம் வாருங்கள்" என்றான். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

திரையில் நாங்கள் பார்த்த மலை இருந்தது. படமாக அல்ல, பொருளாக இருந்தது. விரலை அசைத்தால் அது திரும்பியது. மேலே போய்ப் பறவைபோல் பார்க்க முடிந்தது. கீழே இறங்கி ஓடைக்குள் நின்று அண்ணாந்து பார்க்கவும் முடிந்தது. மரமில்லை, தேயிலையில்லை, மூடுபனியில்லை. என் கதைகளுக்கு வேண்டியது ஒன்றுமே இல்லாத வெறும் மலை.

"இது எப்படியடா கம்ப்யூட்டருக்குள் வந்தது?" என்று கேட்டேன்.

"ஒரு கண்ணை மூடிக் கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள் மாமா, தெரியும்" என்றான். இரண்டு கண்கள் ஒரே பொருளைச் சற்று வெவ்வேறு கோணத்தில் பார்ப்பதால்தான் நமக்குத் தொலைவும் உயரமும் புலப்படுகின்றன. 2005ஆம் வருஷம் மே மாதம் நம் நாட்டார் வானில் செலுத்திய கார்ட்டோசாட்-1 என்ற செயற்கைக் கோளுக்கு அப்படி இரண்டு கண்கள் வைத்திருந்தார்கள். ஒரு காமிரா 26 டிகிரி முன்பக்கமாகவும், இன்னொன்று 5 டிகிரி பின்பக்கமாகவும் சாய்ந்து பார்க்கும். பறந்து போகும் போதே ஒரே நிலத்தை இரண்டு கோணத்தில் படம் பிடித்துவிடும். இரண்டையும் பொருத்திக் கணக்குப் போட்டால் ஒவ்வோர் இடத்தின் உயரமும் கிடைக்கும். அதற்கு முன்பே, 2000ஆம் வருஷம் பிப்ரவரியில், அமெரிக்காவின் எண்டெவர் விண்ஓடம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி ரேடார் அலைகளால் உலகின் நிலப்பரப்பில் எண்பது சதவிகிதத்தை அளந்து வைத்திருந்தது. ஓடத்தில் ஒரு கண்ணும், அறுபது மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியில் இன்னொரு கண்ணும்! இப்படிச் சேர்த்த உயரக் கணக்குகளை இன்று யாரும் காசு கொடுக்காமல் வாங்கிக் கொள்ளலாம்.

கதை கேட்பது போல் கேட்டுக் கொண்டிருந்தேன். பிறகு அவன் ஒரு காரியம் செய்தான். திரையில் சூரியனை நகர்த்தினான். நண்பகல் வெளிச்சத்தில் மொழுமொழுவென்று தெரிந்த மலை, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்ததும் முகம் மாறிவிட்டது. பழைய கோவில் சுவரில் தேய்ந்து போன கல்வெட்டைப் படிக்கிறவர்கள் விளக்கை எழுத்துக்கு நேரே பிடிப்பதில்லை. பக்கத்தில் சாய்த்துப் பிடிப்பார்கள். இல்லாத எழுத்துக்கள் எல்லாம் எழுந்து நிற்கும். மலையிலும் அப்படித்தான் எழுத்து எழுந்தது.

எங்கள் மனைக்கு மேலே, சரிவின் உச்சிப் பக்கத்தில், அகப்பையால் மொண்டு எடுத்தது போல் ஒரு குழிவு. அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு குறுகிய வழி. அந்த வழி முடியும் இடத்தில், முறத்தைக் கவிழ்த்து வைத்தது போல் விரிந்த ஒரு மேடு. அந்த முறத்தின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தான்.

"அதுதான் நம் மனை" என்றான். "சமதரை, சமதரை என்று சந்தோஷப்பட்டீர்களே, மாமா! இவ்வளவு செங்குத்தான மலையில் சமதரை எப்படி வந்தது என்று யாராவது கேட்டீர்களா?"

கேட்கவில்லை. மேலே உள்ள குழிவில் இருந்த மண்தான், என்றோ ஒரு நாள் ஒரே மூச்சில் இறங்கி வந்து, கீழே படுத்துச் சமதரை ஆகியிருந்தது. மலை நமக்கு இனாமாகக் கொடுத்த நிலம் அது. கொடுத்த வழியாகவே மறுபடியும் வரக் கூடியது.

மண் ஏன் சரிகிறது என்பதையும் அவனே விளக்கினான். கடற்கரையில் குழந்தைகள் கட்டும் மணல் வீடு ஈரமாக இருக்கும் வரை நிற்கும். தண்ணீர் அதிகமாகிவிட்டால் கூழாய் ஒழுகிவிடும். மலையிலும் அப்படியே. மண்துகள்களுக்கு நடுவில் நீர் நிறைந்து அழுத்தம் ஏற ஏற, துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்கிறது. குழிவான இடம் நாலாபுறத்து நீரையும் தன்னிடம் இழுத்துக் கொள்கிறது. அதனால்தான் முதுகாகப் புடைத்திருக்கும் சரிவைவிட, குழிந்திருக்கும் சரிவைக் கண்டு அதிகம் பயப்பட வேண்டும். போதாததற்கு மனிதர்கள் அடிவாரத்தை வெட்டி ரோடு போடுகிறார்கள். ஓடையை மூடிக் கட்டடம் எழுப்புகிறார்கள். கழிவு நீரை மண்ணுக்குள்ளேயே விடுகிறார்கள்.

மாப்பிள்ளை இதையெல்லாம் லேசில் ஏற்றுக் கொள்கிறவர் அல்ல. பாங்கில் எத்தனையோ பேருடைய ஜாமீனைச் சோதித்தவர். "இது என்ன, மலை இவ்வளவு செங்குத்தாகவா இருக்கிறது? நான் நடந்து ஏறியிருக்கிறேனே!" என்றார்.

பையன் சற்று அசடு வழிந்தான். மேடு பள்ளம் நன்றாகத் தெரியட்டும் என்று உயரத்தை மட்டும் மூன்று மடங்காக்கி வைத்திருந்தான். உண்மை அளவுக்குக் குறைத்ததும், பயங்கரமாக நின்ற மலை சாதுவாகிவிட்டது. "நீங்கள் கதையில் செய்வதைத்தான் செய்தேன், மாமா" என்றான் என்னைப் பார்த்து. நான் பதில் சொல்லவில்லை.

"அது மட்டுமல்ல. இந்தக் கணக்கில் இன்னொரு குறையும் உண்டு" என்று அவனே ஒப்புக் கொண்டான். இலவசமாகக் கிடைக்கும் உயரப் படம், நிலத்தை முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் உயரம் சொல்கிறது. ஒரு கட்டம் என்பது சுமார் இருபத்திரண்டு சென்ட். எங்கள் மனையைப் போல் மூன்றரை மனை அதற்குள் அடங்கிவிடும்! வீட்டுக்குப் பின்னால் பதினைந்து அடிக்கு மண்ணைச் செங்குத்தாக வெட்டி வைத்திருந்தாலும் அது இந்தப் படத்தில் தெரியாது. மரம் அடர்ந்த இடத்தில், தரைக்குப் பதிலாக மர உச்சியையே அளந்துவிட்டு வந்திருக்கவும் கூடும். அந்தக் குறையைத் தீர்ப்பது லேசர். விமானத்திலிருந்து லட்சக்கணக்கான ஒளித் துடிப்புகளை அனுப்புவார்கள். இலைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் புகுந்து சில துடிப்புகள் தரையைத் தொட்டுத் திரும்பும். அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தால், காட்டை உரித்துவிட்டு மலையைப் பார்க்கலாம்.

அப்படிப் பார்த்த ஓரிடத்தின் கதையை அவன் சொன்னான். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஓசோ என்று ஓர் ஊர். ஆற்றோரத்துச் சமதரையில் அழகான வீடுகள். எதிரே காடு மூடிய குன்று. 2014 மார்ச் 22ஆம் தேதி காலையில் அந்தக் குன்று இடிந்து ஆற்றைத் தாண்டி வந்து குடியிருப்பை மூடியது. 43 பேர் மாண்டார்கள். 2003ஆம் வருஷத்திலேயே அந்தப் பள்ளத்தாக்கை லேசரால் அளந்திருந்தார்கள். காட்டை உரித்த அந்தப் படத்தில், குன்றின் மேல் வரிசை வரிசையாகப் பழைய சரிவுகளின் தழும்புகள் இருந்தன. படம் இருந்தது, எழுத்து இருந்தது, வீட்டுக்காரர்கள் கையில் அது போய்ச் சேரவில்லை.

"அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்திலேயே இருக்கிறது" என்று அடுத்தாற்போல் வயநாட்டை எடுத்தான். 2024 ஜூலை 30ஆம் தேதி விடிவதற்கு முன்பே முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அடித்துக் கொண்டு போன அந்தச் சரிவு, 1550 மீட்டர் உயரத்தில் பிறந்தது. அங்கே பெயர்ந்த நிலத்தின் பரப்பு 86,000 சதுர மீட்டர். சேறும் பாறையுமாக ஆற்றின் வழியே எட்டுக் கிலோமீட்டர் ஓடியது. இருநூற்றைம்பது பேருக்கு மேல் பலியானார்கள். சரிவு பிறந்த அதே இடத்தில் முன்பும் ஒரு சரிவு நடந்ததற்கு அடையாளம் இருந்ததை ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் படத்தோடு காட்டியது. 1984இலும் முண்டக்கையில் மலை சரிந்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் அதற்குப் பக்கத்தில் புத்துமலையில் சரிந்திருக்கிறது. சூரல்மலையில் வாசற்படியில் நின்று அண்ணாந்து பார்த்த ஒருவருக்கு, எமன் அத்தனை கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருவான் என்று எப்படித் தெரியும்? வாசலிலிருந்து பார்த்தால் மலையின் முகம்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால்தான் அதன் வழி தெரியும்.

மாப்பிள்ளை கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "பக்கத்து வீட்டுக்காரர் முப்பது வருஷமாக அங்கே இருக்கிறாரே? அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே!"

"மலைக்கு முப்பது வருஷம் ஒரு பகற்பொழுது, அப்பா" என்றான் பையன். ஆனால் உடனே, "என்றைக்கு என்று இந்தப் படம் சொல்லாது. நூறு வருஷம் ஒன்றும் நடக்காமலும் போகலாம். எங்கே என்று மட்டும்தான் சொல்லும். நாம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்" என்றும் சொன்னான். அந்த அடக்கம் எனக்குப் பிடித்தது. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற விஞ்ஞானத்தை நம்பலாம்.

மறுநாள் படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துக் கொண்டு எல்லோரும் போனோம். அதே மூடுபனி, அதே ஓடைச் சத்தம். ஆனால் கையில் படம் இருந்ததால் கண் வேறு கண்ணாகிவிட்டது. குழிவின் ஓரத்து மரங்கள் அடியில் கத்தியைப் போல் வளைந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்திருந்தன. மண் மெல்ல மெல்ல நகர்கிற இடத்தில் மரம் அப்படித்தான் வளைந்து நிமிருமாம். பக்கத்து வீட்டுக்காரரின் சுற்றுச் சுவரில் ஒரு விரிசல் குறுக்காக ஓடியது. சென்ற முறை நான் அந்தச் சுவரில் படர்ந்திருந்த ரோஜாவை மட்டும் பார்த்திருந்தேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம், முறத்தின் இன்னொரு விளிம்பில், ஒரு லயம் இருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒற்றை வரிசை வீடுகள். வாசலில் ஒரு மூதாட்டி விறகு அடுக்கிக் கொண்டிருந்தார். 1964இல் சாஸ்திரியும் சிரிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து சிறு பெண்ணாக வந்து சேர்ந்த குடும்பம். பையன் படத்தை அவரிடம் நீட்டி, மேலேயுள்ள குழிவைக் காட்டினான். அவர் அதைப் புரிந்து கொள்ளச் சிரமப்படவே இல்லை.

"இது ஊத்துப் பள்ளந்தானே, சாமி? ரெண்டாயிரத்து ஒம்பது மழையில இந்த ஓடை செவசெவன்னு கலங்கி வந்திச்சு. மரமெல்லாம் வந்திச்சு. அன்னிக்கு ராத்திரி பூராம் நாங்க மேட்டுல மாரியம்மன் கோவில்லதான் உக்காந்திருந்தோம்" என்றார்.

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நாற்பது பேருக்கு மேல் உயிரிழந்தது எனக்கு நினைவு வந்தது. 1993 நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலத்தருகே சரிவு பஸ்களை உருட்டியதும் நினைவு வந்தது. செய்தித்தாளில் படித்து, ஐயோ பாவம் என்று சொல்லி, மடித்து வைத்த விஷயங்கள்.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் படத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார். அவ்வளவுதான், மனை விவகாரம் முடிந்துவிட்டது. முன்பணத்தில் பாதி திரும்பி வந்தது. மற்றப் பாதியை நான் கொடுக்கிறேன் என்றேன். தங்கை வாங்க மறுத்துவிட்டாள். "நீ சொன்னதற்காக இல்லை அண்ணா, நானும்தானே மயங்கினேன்" என்றாள். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன வார்த்தை அது.

ஆனால் என் மனம் அந்த லயத்தை விட்டு வர மறுத்தது. நாங்கள் மனை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறலாம். அந்த அம்மாள்? "நீங்கள் வேறு இடத்துக்குப் போகக் கூடாதா?" என்று கேட்டதற்கு, "எங்க சாமி போறது? அவங்க காட்டுன எடத்துலதானே இருக்கணும்" என்றார்.

அவர் குடும்பம் விட்டு வந்த பதுளைப் பக்கத்தில்தான், கொஸ்லந்தை மீரியபெத்தையில், 2014 அக்டோபர் 29ஆம் தேதி லயங்கள் மண்ணில் புதைந்தன. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. மூணாற்றுக்கு மேலே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு லயங்களோடு புதைந்த எழுபது பேரும் பெரும்பாலும் நம் தமிழ் மக்களே. செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆயிற்று. இந்த இடங்களிலெல்லாம் வீட்டைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர்; அதில் தூங்கியவர் இன்னொருவர். படம் பார்க்க வேண்டியவர் யார் என்பதுதான் கேள்வி.

நம் நாட்டில் நிலச்சரிவு அபாயம் உள்ள நிலம் சுமார் 4,20,000 சதுர கிலோமீட்டர் என்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை கணக்கிட்டிருக்கிறது. எந்த இடம் எவ்வளவு அபாயம் என்று 2014 முதல் அவர்கள் வரைந்து வைத்த படங்கள் உண்டு. அந்தப் படங்களை மலையில் மனை வாங்குகிறவர்கள் ஒரு தரமாவது பார்க்க வேண்டும். பார்த்த பிறகும், மண்ணைப் பரிசோதிக்கத் தெரிந்தவரை இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். கட்டிக் கொடுக்கிறவர்களோ நூறு தரம் பார்க்க வேண்டும்.

பையன் அன்று கிளம்புவதற்கு முன் இன்னொரு காரியம் செய்தான். படத்தில் மாரியம்மன் கோவில் இருக்கும் இடத்தைத் தேடினான். குழிவுக்கும் ஓடைக்கும் விலகி, மலையின் முதுகெலும்பு போல் புடைத்த மேட்டின் மேல் அது இருந்தது. சரிவு எந்த வழியாக வந்தாலும் இரண்டாகப் பிரிந்து போகக் கூடிய இடம். கோவிலைக் கட்டியவர்கள் கையில் செயற்கைக் கோள் இல்லை. இருந்தும் சரியான இடத்தைப் பிடித்திருந்தார்கள். எங்கே குடியிருக்கக் கூடாது என்று மட்டுமல்லாமல், எங்கே ஓடிப் போய் நிற்கலாம் என்றும் அந்தப் படம் சொன்னது. லயத்திலிருந்து கோவில் மேட்டுக்கு ஓடையைத் தாண்டாமல் போகும் ஒரு வழியைச் சிவப்பு மையால் குறித்து, லயத்துப் பிள்ளைகளிடம் ஒரு பிரதியைக் கொடுத்தான். விடாமல் மழை பெய்து ஓடை கலங்கினாலும், ஓடிக் கொண்டிருந்த ஓடை திடீரென்று நின்று போனாலும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்று சொல்லி வைத்தான். இன்னொரு பிரதியை மனுவோடு சேர்த்து ஓர் அதிகாரியிடம் கொடுத்தோம். பெற்றுக் கொண்டதாக முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தக் காகிதம் என் மேஜையில் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தரம் நினைவுக் கடிதம் எழுதிக் கொண்டிருக்கிறேன். கதை எழுதுவதைவிட இது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தங்கை கடைசியில் கோயம்புத்தூரிலேயே ஒரு வீடு வாங்கினாள். மாடியிலிருந்து பார்த்தால் தெளிவான நாட்களில் நீலகிரி நீலமாகத் தெரியும். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக் கொண்டால், அவள் சாப்பாட்டுக் கடையை முடித்தவுடன் லயத்துக்குப் போன் செய்கிறாள். "ஓடை எப்படிம்மா இருக்கிறது?" என்று கேட்கிறாள். சென்ற மழையில் ஒரு நாள் இரவு, "கொஞ்சம் கலங்கித்தான் இருக்குது. நாங்க கோவிலுக்குக் கௌம்பிட்டோம்" என்று பதில் வந்தது. மலை அன்று சரியவில்லை. காலையில் எல்லோரும் திரும்பி வந்து அடுப்பு மூட்டினார்களாம்.

வீணாக ஓர் இரவு தூக்கம் கெட்டதே என்று அந்த அம்மாள் வருத்தப்படவில்லை. தங்கையும் வருத்தப்படவில்லை.